குஷன் கடைச் சின்னவளின் மூலை அறை

சின்னவள் எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூலை அறையை யாரோ அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சிலர் நினைத்துக்கொள்வார்கள்.

அவள் இடதுகைக்காரி. கத்தரிக்கோல் என்பதே வலதுகைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்று யாரோ அவளிடம் சொன்னபோது, அதைத் தலைகீழாகப் பிடித்து நேர்க்கோடு வெட்டப் பழகி முடித்திருந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கு அவளைத் தோற்கடித்தது; அடுத்த தடவை அவள் கணக்கைத் தோற்கடித்தாள். பெண்கள் யாரும் மிஷினில் உட்காராத குஷன் கடையில், ரெக்சின் தைக்கிற கனத்த மிஷினில் போய் உட்கார்ந்தாள். "பெடலுக்கு உன் கால் எட்டாது" என்றார் முதலாளி. ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றிப் பெடலின் மேல் கட்டிக்கொண்டு மிதித்தாள். கல்யாணமாகிப் போன வீட்டில், வேலையை விட்டுவிடலாமே என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தது. மறுநாள் லீவு போட்டு, அந்த வீட்டுப் பழைய சோபாவைப் பிரித்துத் தைத்துப் புதிதாக்கி வைத்தாள். மாமியார் அதில் உட்கார்ந்தவர்தான், அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அவள் தைத்த இருக்கையில் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார். இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார்.

இதிலெல்லாம் அவளுக்கு எதிரே வேறு யாராவது நின்றார்கள். மூலை அறை விஷயத்தில் எதிரே நின்றது அவளுடைய கைதான்.

குஷன் கடைக்குப் பெரும்பாலும் பேருந்து இருக்கைகள்தான் வரும். கிழிந்தவை, பிதுங்கியவை, வேலையற்றவர்கள் பிளேடு போட்டவை. சின்னவள் பழைய உறையை உரித்து, மக்கிப்போன ஃபோமைத் தூக்கி எறிந்து, புதிதாக வெட்டி வைத்து, ரெக்சினை இழுத்துத் தைத்துவிடுவாள். முடிந்ததும் அடியில் கடையின் முத்திரை விழும். கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர். உடம்பும் அப்படி, வாயும் அப்படி.

ஒருநாள் கடை வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. அதில் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் நாற்காலி ஒன்று மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பல் டாக்டரம்மா.

"இங்க பஸ் சீட்தாம்மா பண்றது" என்றார் முதலாளி.

"எல்லாம் ஒண்ணுதான். இதுல உட்கார்றவங்களும் எப்ப இறங்கலாம்னுதான் பார்த்துட்டு இருக்காங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரியில் ஏறி அந்த நாற்காலியிலேயே படுத்து, வாயைத் திறந்து காட்டி, டாக்டரம்மாவைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். தலைவைக்கும் இடத்தின் தையல் சரியாகக் காதுக்கு அடியில் உறுத்தியது. அந்தத் தையலைப் பின்பக்கம் கொண்டுபோனாள், கழுத்துக்கு ஒரு சின்ன மேடு வைத்தாள், கால் பக்கம் ஃபோமைக் கொஞ்சம் இளக்கினாள். சில வாரம் கழித்து டாக்டரம்மா மறுபடி வந்தார்.

"நேத்து ஒருத்தர் அதுல தூங்கிட்டார். வாயைத் திறந்து வச்சுக்கிட்டே. எழுப்ப மனசு வரலை எனக்கு."

அதற்கப்புறம் எந்த வேலையென்றாலும் டாக்டரம்மா ஊசியைத்தான் கேட்பார். பல் பிடுங்கி அலுத்துப்போய் மருத்துவமனையை மூடியபோதும் முதலில் அவளிடம்தான் வந்து சொன்னார். சொந்தத்தில் வந்த பழைய கட்டிடம் ஒன்று நகரத்தில் இருந்தது. அதைச் சின்ன ஹோட்டலாக ஆக்கப் போகிறார். ஒவ்வோர் அறையும் ஒருவர் கையால். ஒன்றைக் கண்ணாடி வெட்டுகிறவர், ஒன்றைப் பிரம்பு வேலைக்காரர், ஒன்றைச் சுவர் விளம்பரம் எழுதுகிற பெயின்டர். டிசைனர் ஹோட்டல் என்று அதற்குப் பெயராம். பிறந்த வீட்டில் இதைச் சொன்னபோது, "டிசைனர்ங்கிறது துணிக்கடையில சொல்ற வார்த்தை இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

அக்கா என்பது சின்னவளுக்கு மூத்தவள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. வார்டுகளுக்குப் போகும் விரிப்புகளை மடித்துக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் தேதி எழுதி அனுப்புகிறவள். ஒரு விரிப்பில் சுருக்கம் இருந்தால் அவளுக்கு அன்றைய சோறு இறங்காது.

கட்டிடம் இருந்த பேட்டை, காலையில் கண் விழித்தால் மறுநாள் காலைவரை மூடாது. கீழே பேருந்து நிறுத்தம். எதிரே ஜூஸ் கடை, அதை ஒட்டிச் சாவி வெட்டுகிறவரின் மேசை, போன் உறை விற்கிற கடையில் இடைவிடாத பாட்டு, மாடியில் டியூஷன் சென்டர். இவ்வளவும் சேர்ந்து வந்து விழுகிற இடம் இரண்டாம் மாடி மூலை அறை. இரண்டு பக்கமும் ஜன்னல். டாக்டரம்மா அதை மூன்று பேருக்குக் காட்டினார். மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "இதுல படுக்கிறதும் ரோட்டுல படுக்கிறதும் ஒண்ணு. ரோட்டுலயாவது காத்து வரும்" என்றார் பெயின்டர்.

சின்னவள் அந்த அறையின் நடுவில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள்.

"சத்தத்தை வெளியவே நிறுத்த முடியாது டாக்டரம்மா. வரட்டும். உள்ள வந்ததும் சுவர்ல மோதி மோதித்தான் குடையுது. மோத இடம் குடுக்காம உட்கார வச்சுட்டா போதும்."

"சத்தத்தையா?"

"சத்தத்தைத்தான். எத்தனையோ பேரை உட்கார வச்சாச்சு, இதை முடியாதா?"

அறை அவளுக்கு வந்தது. வேலை கடை நேரத்துக்கு வெளியே. பிளைவுட் பலகைகளில் தேங்காய் நாரும் ஃபோமும் அடுக்கி, முரட்டுப் பருத்தித் துணி போர்த்தி, தலையணை தலையணையாகச் சுவர் முழுக்கப் பொருத்தினாள். மழையில் நனைந்த தார் ரோட்டின் நிறம். கூரைக்கும் அதே. கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து படிக்க ஒரு கனத்த பலகை. ஜன்னலை ஒட்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு நீளப் பெஞ்சு. நாலு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். வேலை முடிந்த அன்று, கீழே ஒருவர் சாவி வெட்டுகிற சத்தம் கேட்டது. ஆனால் அது பல்லைக் கூச வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஏதோ செய்கிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அறை தேறினால், கட்டிடத்தின் பின்பக்கக் கொட்டகை சின்னவளின் பட்டறை. அடுத்து எடுக்கப்போகிற கட்டிடத்தின் குஷன் வேலை முழுவதும் அவளுக்கு. குஷன் கடை முதலாளியிடம் அவள் இதை மறைக்கவில்லை. அவரும் தன் கணக்கைச் சொன்னார்.

"தேறிச்சுன்னா போ, நான் கையைப் பிடிச்சு நிறுத்தமாட்டேன். தேறலைன்னா திரும்பி வா, மிஷின் இருக்கும். ஆனா தனிப் பட்டறைங்கிற பேச்சு அப்புறம் உன் வாயில வரக் கூடாது, ஊசி."

"சரி முதலாளி."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் மூலை ரூமே எடுத்தேன்."

தேறுவது என்றால் என்ன? இதற்கு டாக்டரம்மாவின் ஹோட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. அறையைச் செய்தவர் வீட்டு ஆள் ஒருவரோடு அதில் இரண்டு இரவு தங்க வேண்டும். கருவி எதுவும் கொண்டுவரக் கூடாது. "வந்தவங்களா இருக்கணும், செஞ்சவங்களா இருக்கக் கூடாது" என்பார். மூன்றாம் நாள் காலையில், தன் வேலையில் உள்ள பெரிய குறை எது, அதற்கு என்ன செய்யலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

"இல்லைன்னு சொன்னா நம்பமாட்டேன். ஆயுசு முழுக்க வாய்க்குள்ள எட்டிப் பார்த்தவ நான். குறையில்லாத வாய் ஒண்ணை இன்னும் பார்க்கலை."

கண்ணாடிக்காரர் குறையே இல்லை என்றார். அவர் அறை வேறொருவர் கைக்குப் போனது. பிரம்புக்காரர், குறை சுவரில் இருக்கிறது, என் வேலையில் இல்லை என்றார். அவருக்கும் அதே கதிதான். பெயின்டர் மட்டும், தான் பூசிய மஞ்சள் சாயங்கால வெயிலில் கண்ணைக் குத்துகிறது என்று ஒப்புக்கொண்டு, ஒரு சுவரை மாற்றிப் பூசித் தேறினார். தேறியவர்கள் கதவு நிலையில் தங்கள் கையாலேயே பெயர் எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கையும் ஹோட்டலுக்குள் நுழைந்தார்கள். இருவருமே அதற்கு முன் எந்த ஹோட்டலிலும் தங்கியதில்லை. முன்கூடத்து மேசையில் இருந்த பெண் எழுந்து பைக்குக் கை நீட்டினாள்.

"பையைக் குடுங்க மேடம், நாங்க கொண்டு வர்றோம்."

"வேணாம்மா. கனமே இல்லை. துண்டும் சோப்பும்தான்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ரூம்லயே இருக்கும் மேடம்."

"இருக்கட்டும். உங்களுது தீர்ந்து போச்சுன்னா எங்ககிட்ட வாங்கிக்கோங்க."

மேசைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சின்னவளைப் பார்த்தாள். "கருவி ஏதாவது வச்சிருக்கீங்களா மேடம்?"

சின்னவள் சட்டைக் காலரின் உள்பக்கம் குத்தி வைத்திருந்த ஊசியை உருவி மேசைமேல் வைத்தாள். "இது என் உடம்போட சேர்ந்ததுங்க."

"ரூல்ஸ் மேடம்."

"உன் பேரையே பிடுங்கிட்டாளேடி" என்று சொல்லிக்கொண்டே அக்கா படியேறினாள்.

அறைக்குள் போனதும் அக்கா முதலில் பார்த்தது கட்டில் விரிப்பின் மூலை மடிப்பை. தூக்கிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், "பரவாயில்லை" என்றாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான். அப்புறம் சுவரைத் தொட்டாள். கையை எடுக்காமல் அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். கடைசியில் ஜன்னல் பெஞ்சின் மூலையில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, இவ்வளவையும் நீ ஒருத்தியாவா செஞ்சே?"

"பின்ன, நீயா வந்து பிடிச்சே?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

"வந்திருந்தா ஒவ்வொரு தையலையும் அயர்ன் பண்ணச் சொல்லியிருப்பே."

அக்கா பதில் சொல்ல எழுந்திருக்கப் பார்த்தாள். எழ முடியவில்லை. கையை ஊன்றி, முன்னால் நகர்ந்து, இன்னொரு தடவை முயன்றுதான் எழுந்தாள். "பிடிச்சு வச்சுக்குதே இது." இருவரும் சிரித்தார்கள். அக்காவின் முழங்கால் கொஞ்ச நாளாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதன் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

அன்று ராத்திரி கடைசிப் பேருந்து போகும்வரை தெரு ஓயவில்லை. அக்கா படுத்ததும் தூங்கிப்போனாள். சலவைக் கூடத்து மிஷின்களுக்கு நடுவில் நின்று பழகியவளின் தூக்கத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சின்னவளுக்குத் தெரியும். ஆனால் அவளும் தூங்கினாள். ஊசி கீழே விழுந்தால் எழுந்துவிடுகிறவள், காலையில் ஜூஸ் கடை மிக்சி ஓடியபோதுதான் கண் திறந்தாள். சத்தம் ஜெயிக்கவில்லை. அது தெரிந்துவிட்டது.

இனி குறையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை முழுவதும் அவள் வேலை அதுதான். தலைமாட்டுப் பலகையின் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். சுவர்த் தலையணைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துப் பார்த்தாள். அங்கே, ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங் ஒரு மூலையில் நூலளவு விலகி ஓடியிருந்தது. யார் கண்ணுக்கும் படாத இடம். வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"கிடைச்சிருச்சு."

"பெரிசா?"

"சொல்றதுக்குப் போதும்."

அக்காவுக்கு நிம்மதி. மேசைப் பெண் கொண்டுவந்து வைத்த டீயை எடுத்துக்கொண்டு தன் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாளிலிருந்து அது அவளுடைய மூலை ஆகியிருந்தது. கோப்பையைப் பக்கத்துச் சின்ன மேசையில் வைக்க ஒவ்வொரு தடவையும் அவள் எம்ப வேண்டியிருந்தது. எம்பி வைத்துவிட்டு மறுபடி பின்னால் சரிந்தாள். சின்னவள் கட்டிலில் உட்கார்ந்தபடி அக்காவையும், அவளைத் தாண்டி ஜன்னலில் தெரிந்த தெருவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே நிறுத்தத்துக்கு ஒரு பேருந்து வேகமாக வந்தது. ஒரு சைக்கிள் குறுக்கே புகுந்தது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் தலையை முன்னால் ஆட்டிவிட்டு அப்படியே இருந்தார்கள்; ஒருவரும் வழுக்கவில்லை. இடுப்பு இருக்கையின் பின்பக்கம் பதிந்திருக்கும், முழங்கால் கொஞ்சம் தூக்கி நிற்கும் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். இடுப்பு பின்பக்கம் பதிந்திருந்தது. முழங்கால் கொஞ்சம் தூக்கி நின்றது.

பேருந்து இருக்கையை மட்டமாக வைக்க மாட்டார்கள். முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும், பின்பக்கம் தாழ்ந்திருக்கும். பிரேக் போட்டால் ஆள் முன்னால் சறுக்கி விழாமல் இருப்பதற்காக. எவ்வளவு சரிவு என்று குஷன் கடையில் யாரும் அளப்பதில்லை. கைக்குத் தெரியும். ஜன்னல் பெஞ்சின் சட்டத்தை வெட்டியபோது சின்னவள் துணியின் நிறத்தை யோசித்தாள், தையலின் இடத்தை யோசித்தாள், ஜன்னலின் உயரத்தை யோசித்தாள். சரிவை யோசிக்கவில்லை. அதைக் கை பார்த்துக்கொண்டது.

இந்த அறை எங்கேயும் போகப் போவதில்லை. யாரும் பிரேக் போடப் போவதில்லை.

"அக்கா, அங்கேயே இரு. கையை ஊனாம எழுந்திரி பார்ப்போம்."

"என்னை என்ன சர்க்கஸ்னு நினைச்சியா?"

"எழுந்திரி அக்கா."

அக்கா முயன்றாள். பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தாள். டீ புறங்கையில் சிந்தியது. "முழங்கால்தான்டி" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே.

"முழங்கால் இல்லை. பஸ் சீட். ஹோட்டல் ரூம்ல பஸ் சீட்டைப் போட்டு வச்சிருக்கேன்."

அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறியது. சொல்லி முடித்ததும் அக்கா கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இதைச் சொல்லாதே. அந்த பைப்பிங்கைச் சொல்லு. அதுவும் குறைதானே, பொய் இல்லையே."

"அது சின்னக் குறை."

"பெரிசா சின்னதான்னு அவங்க அளந்தா பார்க்கப் போறாங்க?"

"அவங்க பார்க்கமாட்டாங்க. வர்றவங்க இடுப்பு பார்க்கும்."

"நாளைக்கு மத்தியானம் இந்த ரூமுக்கு ஆள் வருதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. காலையில போய் பெஞ்சே தப்புன்னு நின்னா, ரூமும் போச்சு, பட்டறையும் போச்சு. அந்த முதலாளி மூஞ்சியில போய் முழிக்கணும் நீ. எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. ரெண்டு நாளா இங்கதான் இருக்கேன். இதைப் போய்க் குறைங்கிறே."

சின்னவள் கேட்டாள். "கறை இருக்கிற விரிப்பைக் கறை உள்பக்கம் வர்ற மாதிரி மடிச்சு வார்டுக்கு அனுப்புவியா நீ?"

"அது ஆஸ்பத்திரிடி."

"எனக்கு இதுதான் ஆஸ்பத்திரி."

அக்கா குளியலறைக்குப் போய், யாரும் தொடாத துண்டை உதறி மறுபடி மடித்து வைத்துவிட்டு வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் அதைத்தான் செய்வாள், பெருமை வந்தாலும் அதைத்தான் செய்வாள். அன்று எது என்று சின்னவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மா கதவைத் தட்டினார். பின்னால் குஷன் கடை முதலாளியும் நின்றார். "இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். அவர் வீட்டிலிருந்து எங்கே போவதற்கும் அது வழியில்லை.

சின்னவள் டாக்டரம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தளும்பத் தளும்ப ஒரு கோப்பை டீயைக் கையில் கொடுத்தாள்.

"குறையைச் சொல்லுன்னா டீ குடுக்கிறே?"

"இப்ப எழுந்திரிங்க டாக்டரம்மா. கையை ஊனக் கூடாது, டீ சிந்தக் கூடாது."

டாக்டரம்மா எழப் பார்த்துப் பின்னால் போனார். இரண்டாம் தடவை டீ சாசருக்கு வந்தது. மூன்றாம் தடவை கோப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் நாற்காலியில உட்கார்ந்தவங்க எல்லாம் என்னை ஏன் அப்படிப் பார்த்தாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

முதலாளி அதற்குள் குனிந்து பெஞ்சைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டார். நிமிர்ந்தபோது மீசைக்கு அடியில் சிரிப்பு.

"பஸ் சரிவு. ரூமுக்குள்ள பஸ் சீட்டைக் கொண்டாந்து போட்டுட்டியே ஊசி."

"போட்டுட்டேன். அந்தச் சரிவை வெட்டக் கத்துக்குடுத்தது யாரு முதலாளி?"

"நான்தான்."

"அப்ப பாதிக் குறை உங்களுது. எழுதிக்குங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானம் ஆள் வருது. வேற ரூம் காலி இல்லை. வர வேணாம்னு சொல்லிடட்டுமா?"

அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். சுவர் மெத்தென்று உள்வாங்கிக்கொண்டது.

"சொல்ல வேணாம்" என்றாள் சின்னவள். பெஞ்சின் ஒரு குஷனின் முன்விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து ஓர் உதறு உதறினாள். பலகையோடு கழன்று வந்தது. பேருந்து இருக்கைகளை அப்படித்தான் வைப்பார்கள். கிழிந்ததைக் கழற்றி நல்லதை மாட்ட வண்டி காத்திருக்காது. பெஞ்சையும் அவள் கை அப்படியே நாலு துண்டாகச் செய்து வைத்திருந்தது. "பின்பக்கம் ஒரு மரச் சட்டம் குடுத்துத் தூக்கினா மட்டமாயிடும். மேல ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியதில்லை. சாய்ற உயரம் கொஞ்சம் குறையும். அது நல்லதுதான், ஜன்னல் இன்னும் நல்லாத் தெரியும். சட்டமும் நாலு ஸ்க்ரூவும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வேணும். கருவியை நீங்கதான் கொண்டுவர விடலை."

டாக்டரம்மா முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"எதிர்ச் சந்துல ஒரு மரக்கடை இருக்கு" என்றார் கடைசியில். "வரும்போது பார்த்தேன்." சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் கொண்டுவந்த சட்டம் வழவழவென்று இழைத்திருந்தது. தானே நின்று இழைக்கச் சொல்லி வாங்கிவந்திருப்பார் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. கேட்டால் இல்லையென்பார். அவர் பிடித்துக்கொண்டார், அவள் முடுக்கினாள். "இடது கையால முடுக்கினா எப்படித்தான் ஏறுதோ" என்று அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு குஷன் உட்கார்ந்தது, இரண்டாவது உட்கார்ந்தது, மூன்றாவதும் உட்கார்ந்தது. நாலாவதை, அக்காவின் மூலையை, சின்னவள் தொடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா புதிதாக ஊற்றிய டீயோடு உட்கார்ந்தார், எழுந்தார். டீ கோப்பையிலேயே இருந்தது. இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தார். அப்புறம் அந்த மூலையைக் காட்டினார்.

"அது?"

"அது அப்படியேதான் இருக்கும்."

"குறைன்னு நீயே சொன்னே."

"தெரியாம வச்சப்ப குறை டாக்டரம்மா. இப்ப தெரிஞ்சு வைக்கிறேன். ரூம் போட்டுட்டு நாள் முழுக்கத் தெருவையே பார்த்துக்கிட்டு உட்கார்றவங்களும் உண்டு. எழுந்திரிக்கத் தோணாத ஆளுக்கு அந்த இடம். மத்தவங்களுக்கு இந்த மூணு. ரெண்டு நாளா அக்காவை வச்சுப் பார்த்தாச்சு."

டாக்டரம்மா போய் அந்த மூலையில் உட்கார்ந்தார். சரிந்தார். கீழே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போனது. அது போன பிறகும் அவர் எழவில்லை.

"என்னை யாராவது தூக்கி விடுங்க" என்றார். "கொட்டகைச் சாவி என் பையில இருக்கு."

முதலாளி கை கொடுத்துத் தூக்கிவிட்டார். போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பெடல் செங்கல்லை எடுத்துட்டுப் போயிடு, வேற எவன் காலுக்கும் அது சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேசைப் பெண் கறுப்பு மைப் பேனா ஒன்றைக் கொண்டுவந்தாள். சின்னவள் அதற்கு முன் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதைச் சேர்க்க வேண்டியதில்லை. தான் செய்த வேலையில், இது நான் செய்தது என்று, அவள் ஒரு தடவையும் பெயர் எழுதியதில்லை. கதவு நிலையின் முன் நின்று, இடது கையால், எழுத்து எழுத்தாக, அழுத்தி எழுதினாள். கடைசி எழுத்துக்குப் பிறகு பேனாவை எடுக்கப் போனபோது, "தேதி போடுடி, தேதி போடாம எதையும் வெளிய விடக் கூடாது" என்றாள் அக்கா. சின்னவள் திரும்பிப் பார்க்காமல், பெயருக்குக் கீழே எழுதினாள்:

2016 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை.